இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையாகுமா?

மாணவர்களே, இந்தக் கட்டுரை ஒரு மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

படிவம் மூன்றின் கடைசி மாதங்கள் அவை. அறிவியல் கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் எடுக்க வேணாம்னு அப்பா சொல்றாரு. மூணு மொழிய வச்சுக்கிட்டு ஏன் மூளையக் குழப்பிக்கிறேன்னு கேக்குறாரு. ஆனா நீங்க போன வருஷம் சபைகூடல்ல, ரெண்டு மொழி தெரிஞ்சா மூளை கூர்மையாகும், அறிவியலே சொல்லுதுன்னு சொன்னீங்க. எது டீச்சர் உண்மை?"

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். எங்கோ படித்த ஒரு வரியை, சரிபார்க்காமல், ஐந்நூறு மாணவர்கள் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். "ஆதாரம் என்ன?" என்று உங்களிடம் ஓயாமல் கேட்கும் நான், அன்று என்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "ஒரு வாரம் கொடு, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அவளை அனுப்பினேன். தேடியதில் கிடைத்தவை இவை.

மூளைக்குள் 'சுவிட்ச்' இல்லை

முதலில் உங்கள் பேச்சையே கவனியுங்கள். "டீச்சர், இந்த லத்திஹான் நாளைக்கு ஹந்தார் பண்ணணுமா?" என்று என் வகுப்பில் தினமும் யாராவது கேட்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றும் இருக்கின்றன. எந்த மொழி எங்கே முடிகிறது என்று நீங்கள் யோசிப்பதே இல்லை.

அப்படியென்றால் தமிழ் பேசும்போது மூளையில் மற்ற மொழிகள் தூங்கிக்கொண்டிருக்கின்றனவா? இல்லை. 1999-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்பைவி, வியோரிகா மரியன் ஆகிய இருவர் இதை அழகாகக் காட்டினர். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை ஒரு மேசை முன் அமர்த்தி, அவர்களின் கண் அசைவைக் கருவியால் பதிவு செய்தனர். மேசைமேல் சில பொருள்கள் இருந்தன. ரஷ்ய மொழியில் தபால்தலையை நகர்த்தி வைக்கச் சொன்னார்கள். தபால்தலைக்கான ரஷ்யச் சொல்லின் ஒலி 'மார்க்கு'. மேசையில் ஒரு மார்க்கர் பேனாவும் கிடந்தது. கேட்டது ரஷ்ய மொழியாக இருந்தும், பலமுறை கண்கள் ஒரு கணம் மார்க்கர் பக்கம் ஓடித் திரும்பின. மார்க்கர் என்பது ஆங்கிலச் சொல். யாரும் அந்த ஆங்கிலத்தை எழுப்பவில்லை. அது ஏற்கெனவே விழித்திருந்தது.

நமக்கும் இப்படித்தான். 'மணி' என்று காதில் விழுந்தால் பள்ளி மணியும் நினைவுக்கு வரும், ஆங்கிலத்தில் பணமும் எட்டிப் பார்க்கும். தண்ணீர்ப் போத்தலில் ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்தால் மலாயில் அது தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. நீங்கள் குழம்புவதில்லை, தேவையானதை எடுத்து, தேவையற்றதை ஒதுக்கிவிடுகிறீர்கள்.

இங்கிருந்துதான் ஒரு கருதுகோள் பிறந்தது. தேவையற்றதை ஒதுக்கும் இந்த வேலையை நாள் முழுக்கச் செய்பவர்களுக்கு, மொழி சம்பந்தமில்லாத வேலைகளிலும் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் கூடுதலாக இருக்குமோ? கைத்தொலைபேசி அதிரும்போதும் கணக்கை விடாமல் செய்வது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென மாறுவது, கேட்ட எண்களை மனத்தில் நிறுத்திக் கூட்டுவது போன்றவை அந்தத் திறன்கள். ஒரு கடையின் மேலாளர் வேலையாட்களை ஒழுங்குபடுத்துவதுபோல் இவை நம் சிந்தனையை ஒழுங்குபடுத்துகின்றன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருதுகோள் என்பது சோதிக்க வேண்டியது. அதை அப்படியே நம்பிவிட முடியாது.

அப்பாவின் பயம் எங்கிருந்து வந்தது?

"மூளை குழம்பும்" என்பது அந்த அப்பா கண்டுபிடித்த கருத்தன்று. அதுவும் ஒருகாலத்தில் அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டதே.

1920-களில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டி. ஜே. சேயர் என்பவர் ஏறத்தாழ 1,400 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். கிராமப்புறங்களில் வேல்ஷ் மொழியும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் பேசியவர்களைவிட அறிவுத்திறன் சோதனையில் குறைந்த புள்ளிகள் பெற்றனர். இருமொழி மனக்குழப்பம் தருகிறது என்ற பேச்சு பரவியது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அவர்கள் சரியாக அறியாத ஆங்கிலத்திலேயே சோதனை வைத்து, "அறிவு குறைவு" என்று முத்திரை குத்தியவர்கள் இருந்தனர்.

ஆனால் சேயரின் ஆய்விலேயே ஒரு தடயம் இருந்தது. நகரப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு இல்லை! இரண்டு மொழிதான் மூளையைக் குழப்புகிறது என்றால் நகரத்திலும் குழப்பியிருக்க வேண்டும் அல்லவா? ஆக, கிராமத்தில் வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது. அது குடும்ப வருமானமாக இருக்கலாம். பள்ளி வசதியாகவும் இருக்கலாம்.

ஆரம்பப் பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய மூன்றும் நினைவிருக்கிறதா? இரண்டு செடிகளில் உரத்தின் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் மண், தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஒரு செடியை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்துவிட்டு "உரம்தான் காரணம்" என்று எழுதினால் நான் புள்ளி தரமாட்டேன். மனிதர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளில் இதே பிழை நடந்தது.

1962-இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் கனடாவின் மொன்றியல் நகரில் இதைத் திருத்த முயன்றனர். பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்த பத்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் பின்னணியையும் கணக்கில் கொண்டு ஒப்பிட்டனர். இம்முறை இருமொழிப் பிள்ளைகளே அதிகப் புள்ளிகள் பெற்றனர். காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது.

அந்த ஆய்விலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு மொழிகளிலும் சமமாகத் தேர்ந்த பிள்ளைகளையே அவர்கள் 'இருமொழியாளர்' குழுவில் சேர்த்தனர். இரண்டாம் மொழி அவர்களைக் கெட்டிக்காரர் ஆக்கியதா, அல்லது கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டாம் மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்களா? இந்தக் கேள்விக்கு அந்த ஆய்வால் பதில் சொல்ல முடியாது.

தமிழர்கள் பங்குகொண்ட ஆய்வு

இப்போது நான் சபைகூடலில் சொன்ன வரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

டொரோண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தின் எல்லன் பியாலிஸ்டோக் இந்தத் துறையில் மிகவும் அறியப்பட்டவர். 2004-இல் அவரும் மற்ற ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதியில் பங்குகொண்டவர்கள் 40 பேர். பாதிப்பேர் கனடாவில் வாழும், ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள். மறுபாதி யார் தெரியுமா? இந்தியாவில் வாழும், தமிழும் ஆங்கிலமும் பேசுபவர்கள். ஒரு பிரிவினர் 30 முதல் 54 வயது வரை, இன்னொரு பிரிவினர் 60 வயதுக்கு மேல்.

சோதனை எளிமையானது. கணினித் திரையில் ஒரு வண்ணச் சதுரம் தோன்றும். நீலம் என்றால் இடப்பக்கப் பொத்தான், சிவப்பு என்றால் வலப்பக்கப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலச் சதுரம் இடப்பக்கமே தோன்றினால் சுலபம். வலப்பக்கம் தோன்றினால் கை தானாக வலப்பக்கம் போகப் பார்க்கும். அதைத் தடுத்து இடப்பக்கம் அழுத்த வேண்டும். அந்தத் தடுமாற்றத்தால் வீணாகும் நேரத்தை அளந்தார்கள். தமிழ்-ஆங்கிலக் குழுவினர் குறைவாகத் தடுமாறினர். மூத்தவர்களிடம் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு உங்கள் டீச்சராக மாறி மறுபடி படித்தேன். ஒரு குழு கனடாவில், மறு குழு இந்தியாவில். மொழியைத் தவிர எத்தனை மாறிகள் வேறுபடுகின்றன! கல்வி முறை, தொழில், குடும்பச் சூழல், உணவு எல்லாமே வேறு. 40 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. அவர்கள் வேறு நாட்டு இருமொழியாளர்களையும் சேர்த்து மேலும் சோதனைகள் செய்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வெயில், நிழல் செடிகள் என் நினைவுக்கு வராமல் இல்லை.

இளையோரிடமும் ஆய்வு நடந்தது. 2008-இல் ஸ்பெயினில் ஆல்பர்ட் கோஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் 100 இருமொழி இளைஞர்களையும் 100 ஒருமொழி இளைஞர்களையும் ஒப்பிட்டனர். இருமொழியாளர்கள் கத்தலான் மொழியும் ஸ்பானிய மொழியும் பேசுபவர்கள். திரையில் ஐந்து அம்புக்குறிகள் வரும். நடு அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். பக்கத்து அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். இருமொழி இளைஞர்கள் வேகமாகப் பதில் தந்தனர். குழப்பத்துக்கும் குறைவாகவே ஆளாயினர்.

இப்படி ஆய்வுகள் அடுத்தடுத்து வர, "இருமொழி மூளை சிறந்த மூளை" என்று உலகெங்கும் செய்திகள் வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் நானும் படித்திருக்கிறேன்.

வெளிவராத முடிவுகள்

2013-இல் கென்னத் பாப், சக்கரி கிரீன்பெர்க் என்ற இருவர் சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒன்றல்ல, பல சோதனைகளை நடத்தினர். இருமொழியாளருக்கு நிலையான சாதகம் எதுவும் தென்படவில்லை.

2015-இல் ஆஞ்செலா டி ப்ருய்ன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருவரும் வேறொரு கோணத்தில் தேடினர். 1999 முதல் 2012 வரை மாநாடுகளில் இத்தலைப்பில் அறிவிக்கப்பட்ட 104 ஆய்வுச் சுருக்கங்களை எடுத்து, அவற்றில் எவை பிறகு ஆய்விதழ்களில் அச்சேறின என்று பார்த்தனர். "இருமொழிக்குச் சாதகம் உண்டு" என்று முழுமையாகச் சொன்னவற்றில் 68 விழுக்காடு அச்சேறின. "இல்லை" என்று சொன்னவற்றில் 29 விழுக்காடு மட்டுமே அச்சேறின.

இதன் பொருள் புரிகிறதா? 36 பேர் உள்ள ஒரு வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி, ஏறத்தாழ இரண்டு பேருக்காவது எட்டு அல்லது அதற்கு மேல் தலை விழும். அது வெறும் தற்செயல். ஆனால் அந்த இரண்டு பேர் மட்டும் "என் நாணயத்தில் தலைதான் அதிகம் விழுகிறது!" என்று அறிக்கை எழுதி, மற்ற 34 பேர் "எனக்கு ஒன்றும் விசேஷமில்லை" என்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டால்? அறிக்கையை மட்டும் படிப்பவர் நாணயத்தில் ஏதோ மாயம் இருப்பதாக நம்பிவிடுவார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கசக்கிப் போட்ட தாள்களை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2018-இல் மினா லெஹ்தோனென் தலைமையிலான குழு, பெரியவர்களைப் பற்றிய 152 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. இந்தக் 'கசக்கிய தாள்' விளைவைச் சரிசெய்த பிறகு, கவனக் கட்டுப்பாட்டில் இருமொழியாளருக்கு முறையான சாதகம் எஞ்சவில்லை. 2019-இல் அமெரிக்காவில் 9, 10 வயதுள்ள 4,524 பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்த இன்னொரு குழுவும் சாதகம் காணவில்லை. இருமொழிப் பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்வளம் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது. அது வியப்பில்லை. ஒரு நாளில் பேசும் நேரத்தை இரண்டு மொழிகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் குறையும்.

எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்வாளர்களும் மறதி நோயாளிகள் 648 பேரின் பதிவுகளை 2013-இல் ஆராய்ந்தனர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களிடம் நோயின் அறிகுறிகள் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் வேறுபாடு தென்பட்டதால் படிப்பு மட்டுமே காரணம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனால் நலமாக இருப்பவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் சிலவற்றில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. விவாதம் தொடர்கிறது.

நம் நாட்டுக்கு வேறு கேள்வி

மலேசியாவில் இந்த ஆய்வைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளியில் ஒரே ஒரு மொழி மட்டும் தெரிந்த மாணவரைத் தேடிப் பாருங்கள். கிடைப்பது கடினம். எனவே நமக்கு "இரண்டா, ஒன்றா?" என்ற கேள்வியைவிட, "மொழிகளை எப்படிப் பயன்படுத்துகிறோம்?" என்ற கேள்விதான் பொருந்துகிறது.

2013-இல் டேவிட் கிரீன், ஜூபின் அபுதலேபி என்ற இருவர் மூன்று வகைச் சூழல்களைப் பிரித்துக் காட்டினர். முதல் வகை, இடத்துக்கு ஒரு மொழி: பாட்டியிடம் தமிழ் மட்டும், வகுப்பில் மலாய் மட்டும். இரண்டாம் வகை, ஆளுக்கு ஒரு மொழி: அப்பாவின் கடையில் நிற்கும்போது ஒரு வாடிக்கையாளரிடம் தமிழ், அடுத்தவரிடம் மலாய், மறுபடி தமிழ். மூன்றாம் வகை, ஒரே வாக்கியத்தில் கலப்பது: நம் லத்திஹான் வாக்கியம்! இரண்டாம் வகையில்தான் கட்டுப்படுத்தும் வேலை அதிகம் என்பது அவர்களின் கருத்து. கலந்து பேசும்போது எந்தச் சொல் முதலில் வருகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறோம். தடுக்க வேண்டிய தேவை குறைவு. இதுவும் இன்னும் சோதிக்கப்பட்டுவரும் கருதுகோள்தான். ஆனால் எல்லா இருமொழியாளரையும் ஒரே கூடையில் போட்டது பழைய ஆய்வுகளின் முடிவுகள் முரண்பட ஒரு காரணமாக இருக்கலாம்.

அவளுக்கு நான் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அவளை அழைத்தேன். "நான் சபைகூடலில் சொன்னது தவறு. இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அப்பா சொல்வதும் தவறு. மூளை குழம்பும் என்பதற்கும் ஆதாரம் இல்லை" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப தமிழ் எடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லையா டீச்சர்?"

அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது. நாம் கணிதம் படிப்பது தமிழ் நன்றாக வருவதற்காக இல்லை. அப்படியிருக்க, தமிழ் மட்டும் ஏன் வேறு எதற்காவது உதவினால்தான் படிக்கத் தகுந்தது என்று நினைக்கிறோம்? ஒரு மொழியைப் படித்தால் உறுதியாகக் கிடைப்பது அந்த மொழி. அதில் கதை படிக்கலாம், பாட்டியின் மருத்துவச் சீட்டை அவருக்கு விளக்கலாம், இந்த அறிவியல் பக்கத்தைப் படிக்கலாம். இதற்கு எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை.

பிறகு அவள் அப்பாவிடமும் பேசினேன். அவருடைய உண்மையான கவலை மூளையைப் பற்றியது அன்று, நேரத்தைப் பற்றியது. எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கிறது. மகளுக்கு அதே நாளில் கணிதப் பிரத்தியேக வகுப்பு. அது நியாயமான கவலை. ஆனால் அது கால அட்டவணையின் கேள்வி. மூளை அறிவியலின் கேள்வி இல்லை. கால அட்டவணையை மாற்ற முடியும். பிரத்தியேக வகுப்பை வேறு நாளுக்கு மாற்றினார்கள். இப்போது அவள் படிவம் நான்கில் தமிழ் படிக்கிறாள்.

அடுத்த சபைகூடலில் ஒலிபெருக்கி முன் நின்று என் பழைய வரியைத் திருத்திச் சொன்னேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

செய்து பாருங்கள்

1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் வெளியிட்ட சோதனையை வீட்டிலேயே செய்யலாம். அவருடைய சோதனையில் 100 வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 விநாடி ஆனது. வேறு நிறத்தின் பெயராக அச்சிட்ட 100 சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 விநாடி ஆனது. படிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் மூளை படித்துவிடுகிறது!

1. மூன்று தாள்கள் எடுங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு மையால் ஒவ்வொன்றிலும் 20 நிறப்பெயர்கள் எழுதுங்கள். மையின் நிறமும் சொல்லும் பொருந்தக் கூடாது. சான்றாக, 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையால் எழுதுங்கள்.

2. முதல் தாளில் தமிழ்ச் சொற்கள், இரண்டாவதில் மலாய், மூன்றாவதில் ஆங்கிலம்.

3. நண்பர் ஒருவர் ஒவ்வொரு தாளிலும் மையின் நிறத்தைத் தமிழில் சொல்லட்டும். கைத்தொலைபேசியில் நேரத்தைக் கணக்கிடுங்கள். எந்தத் தாளில் அதிகம் தடுமாறுவார் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிவிடுங்கள்.

4. பத்துப் பேரிடமாவது செய்யுங்கள். தாள்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள். ஏன் மாற்ற வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்.

5. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை?

கடைசியாக ஒன்று. உங்கள் ஊகத்துக்கு எதிரான முடிவு வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், தாளைக் கசக்கிப் போடாதீர்கள். வந்ததை வந்தபடியே எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.